மூஞ்சி காட்டட்டும், சம்மந்தி

முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பறவையைச் சம்பந்தியம்மா படம் எடுக்க மாட்டார். எவ்வளவு அழகான பறவையாக இருந்தாலும் சரி, எவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்து இறங்கியிருந்தாலும் சரி. கேமராவைக் கண்ணில் வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி நிற்பார். "இருங்க சம்மந்தி, மூஞ்சி காட்டட்டும்" என்பார். அது திரும்பினால் ஒரு க்ளிக். திரும்பாமலே பறந்துபோனால் கேமராவை இறக்கிவிட்டு, "அதுக்கு இன்னிக்கு நம்மளப் புடிக்கல" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுவார். கோபமே வராது.

ஒரு மீன்கொத்திக்காக வெயிலில் நின்று என் தலை சுற்றிய நாளில் கேட்டேன். "ஏன் சம்மந்தி, அதுக்கு நீலமெல்லாம் முதுகுலதான கீது? முதுகையே எடுத்துட்டுக் கெளம்பலாமே?"

"நீலம் துணிக்கடையிலயும் கெடைக்கும். மூஞ்சி அதுகிட்டதான் கெடைக்கும்" என்றார்.

அவர் பெயர் எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்திருந்ததை வாசித்துக் காட்டினார்கள். ஆனால் ஒருநாளும் அதை நான் வாயால் சொன்னதில்லை. அவரும் என் பெயரைச் சொன்னதில்லை. என் மகனுக்கு அவர் மகளைக் கட்டிய நாளிலிருந்து அவர் எனக்குச் சம்பந்தி, நான் அவருக்குச் சம்பந்தி. மாமியார் மருமகளை மாமியார் என்று கூப்பிட முடியாது, அத்தை மருமகனை அத்தை என்று கூப்பிட முடியாது. ரெண்டு பக்கமும் ஒரே சொல்லாகப் போய் வருகிற உறவு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அப்போது அதையெல்லாம் யோசித்துப் பார்த்ததில்லை. அது போன பிறகுதான் யோசித்தேன்.

அவருக்கு வாலாஜாபாத். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் முன்னாலேயே தவறிவிட்டார். ஒல்லி உடம்பு. எண்ணெய் தடவி இழுத்து வாரிய தலை. நூல் புடவைக்குக் கீழே பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கேன்வாஸ் ஷூ. தோளில் ஒரு சோற்றுப் பை. அந்தப் பையில் சோறும் இருக்கும், துண்டில் சுற்றிய கேமராவும் இருக்கும். மகள் கம்பெனியில் சேர்ந்த முதல் தீபாவளிக்கு, "உனக்கு என்னம்மா வேணும்" என்று கேட்டிருக்கிறாள். எல்லா அம்மாக்களும் புடவை என்றோ வளையல் என்றோ சொல்வார்கள். இவர் தூரத்தில் இருக்கிறதைக் கிட்டத்தில் காட்டுகிற கேமரா கேட்டிருக்கிறார். யாரோ வைத்திருந்து விற்றதைத் தேடிப்பிடித்து வாங்கிக் கொடுத்தாள் அந்தப் பெண்.

நான் பென்னலூர்க்காரி. ரெண்டாம் கிளாஸ் தாண்டாதவள். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் பஸ் போய்விடும். ஆனால் எந்த விஷயத்திலும் யாரும் என்னை ஏமாற்றியதில்லை. வீட்டுக்குப் பின்னால் வரிசையாக ரூம் கட்டி, தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு விட்டிருக்கிறேன். யார் வீட்டுக்கும் சும்மா போய் நிற்கிற பழக்கமில்லை. போனால் முறையோடு போவேன், முறையோடு வருவேன்.

அப்படித்தான் முதல் ஆடிக்கும் போனேன். ஆடி மாசம் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். ஆவணி பிறந்ததும் தட்டு, பழம், பூ, புடவை எல்லாம் எடுத்துக்கொண்டு வாலாஜாபாத் போய் மருமகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பெண்ணைக் கொண்டுவந்து விட சம்பந்தியம்மாவும் கூட வந்தார். அவர்கள் வீட்டு மறுதட்டு என் மடியில். ஒரகடம் போகிற பஸ். ஜன்னலோரம் சம்பந்தியம்மா. கொஞ்ச தூரம்தான் போயிருப்போம்.

"ஹோல்டான்! ஹோல்டான்!" என்று ஒரு குரல். யாரோ பர்ஸைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பார்த்தால் சம்பந்தியம்மா எழுந்து நிற்கிறார்.

கண்டக்டர் விசிலை ஊதிவிட்டு, "இன்னாக்கா, இன்னிக்கும் ஏரியா? பொண்ண வுடத்தான போறேன்னு சொன்ன?" என்றார்.

"நடுவுல நிக்குதுப்பா, கூழைக்கடா. நீ ஏன் பாக்கல?"

"நான் டிக்கெட்டப் பாப்பனா, கூழைக்கடாவப் பாப்பனா?"

பஸ்ஸே சிரிக்கிறது. என் மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "நீங்க வண்டியிலயே போங்க சம்மந்தி, நான் அடுத்த பஸ்ல வந்துடறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டார் அவர். சம்பந்தியை நடுவழியில் இறக்கிவிட்டுப் போன வீடு என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாதே. நானும் தட்டோடு இறங்கினேன். பின்னாலேயே மருமகளும்.

ஏரி வற்றி நடுவில் மட்டும் தண்ணீர். அதில் வெள்ளை வெள்ளையாகப் பெரிய பறவைகள். கரையில் சீர்த்தட்டை வைத்துவிட்டு ஈ ஓட்டிக்கொண்டு நின்ற சம்பந்தி இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ரெண்டு பஸ் எங்களைத் தாண்டிப் போனது. கார்களை அடுக்கிக்கொண்டு போகிற நீள லாரிகள் ஒவ்வொன்றும் எங்கள் மேல் புழுதியை வாரி இறைத்தன. அவர் அசையவில்லை. கடைசியில் ஒரு க்ளிக். ஓடி வந்து அந்தச் சின்னக் கண்ணாடியில் என்னிடம் காட்டினார்.

அந்தப் பறவை என்னை நேராகப் பார்த்தது. தொங்குகிற பை மாதிரி தாடை, ஒரு மஞ்சள் கண், அதில் ஒரு சலிப்பு. எங்கள் ஊர் ஏரியில் சின்ன வயதிலிருந்து பறவை பார்த்தவள்தான் நான். அதுகளில் எதுவும் என்னைப் பார்த்ததாக நினைவில்லை.

"எங்க வூட்டுக்காரு மூஞ்சி மாதிரியே கீது" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் ஏரியிலிருந்த அத்தனையும் எழும்பிப் பறந்தன.

அதற்குப் பிறகு நானும் அவரோடு போக ஆரம்பித்தேன். லேடீஸுக்கு டிக்கெட் இல்லாத பஸ் வந்த பிறகு அவருக்குக் கை கால் நிற்காது. பஸ் எங்கே போகிறது என்று பார்த்து ஏறுகிறவர் இல்லை; எந்தப் பக்க ஜன்னலில் ஏரி வரும் என்று பார்த்து ஏறுவார். இறங்க வேண்டிய ஊரே கிடையாது. பறவை எங்கே இருக்கிறதோ அங்கே ஹோல்டான். எனக்குப் பறவை ஒரு சாக்குத்தான். அவர் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை பொரி உருண்டைக்குக் காத்திருப்பது போல ஒவ்வொரு ஏரிக்கும் காத்திருப்பதைப் பார்க்கவே போவேன்.

ஏரிதான் என்றில்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் பக்கத்துக் காலி மனையில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் நெடுங்கால் உள்ளான்கள், குச்சி மேல் நிறுத்திய மாதிரி. சுவரோரமாக நின்று இவர் கேமராவைத் தூக்கியதும் செக்யூரிட்டி ஓடி வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், பேச்சிலேயே தெரிந்தது.

"ஏம்மா, இங்கன போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு வச்சிருக்குல்லா? பாக்கலையா?"

"பாத்தோம்பா. படிக்கல" என்றேன் நான்.

"எதுக்குக் கம்பெனிய எடுக்கீய? யாரு அனுப்புனா உங்கள?"

எனக்கு வாயில் நன்றாக வந்தது. அதற்குள் சம்பந்தியம்மா, "இங்க வா தம்பி. ஒரு கண்ண மூடிக்கோ. இதுல பாரு" என்று கேமராவையே அவன் முகத்தில் வைத்துவிட்டார்.

அவன் பார்த்தான். "ஏ ஆத்தீ… காலு ரோஸ் கலர்ல இருக்கு!"

"தினம் இங்கதான நிக்கற. பாத்ததில்லியா?"

"தூரத்துல பாத்தா எல்லாம் கொக்குன்னுதான் நெனைச்சேன்." கேமராவைத் திருப்பிக் கொடுத்தபடி, "என்னை ஒண்ணு எடுங்கம்மா. ஊருக்கு அனுப்பணும்" என்றான்.

"தொப்பியக் கழட்டு. மூஞ்சி தெரியல."

கழற்றினான். அவ்வளவு நேரம் அதட்டிய ஆள், தொப்பி இல்லாமல் மீசை முளைக்காத பிள்ளையாக நின்றான். அவன் அம்மா நம்பரை வாங்கிக்கொண்டு போய், மகளிடம் சொல்லி அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

மனுஷர்களிடமும் அவர் அப்படித்தான். பக்கவாட்டில் பேசுகிற பேச்சு அவருக்கு ஆகாது. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நான் பதில் சொன்னால், சுற்றிக்கொண்டு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து மறுபடி அதே கேள்வியைக் கேட்பார்.

பிள்ளைகளுக்குள் ஒத்து வரவில்லை என்பது எனக்கு முன்னால் அவருக்குத்தான் தெரிந்தது. என் மகன் இருங்காட்டுக்கோட்டையில் ஷிஃப்ட் மாறி மாறிப் போகிறவன். அவளுக்கு ஒரகடத்தில் ஜெனரல் ஷிஃப்ட், அதோடு ஓ.டி. ஒருத்தர் வரும்போது ஒருத்தர் போவார். கிடைக்கிற கொஞ்ச நேரத்திலும் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான், இவள் போனைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பிறகு சண்டை. யார் மேல் தப்பு என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை. ரெண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிய அன்று ஆளாளுக்குச் சத்தம். சம்பந்தியம்மா எழுந்து, "யாரும் பேச வாணாம். இதுங்க ரெண்டும் எதுர எதுர உக்காந்து மூஞ்சியப் பாத்துக்கட்டும், அது போதும்" என்றார். எல்லாரும் அவரைப் பைத்தியக்காரியைப் போலப் பார்த்தார்கள். பிள்ளைகள் ரெண்டு பேரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேஸ் கோர்ட்டுக்குப் போனது.

முதல் வாய்தாவில், வராண்டாவின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். நடுவில் ஆள் நடக்கிற வழி. அவர்கள் பக்கத்து அண்ணன் தம்பிகள் எங்களை முறைக்கிறார்கள். எங்கள் பக்கம் மட்டும் என்ன, பதிலுக்கு முறைக்கிறார்கள். நான் தலையை நிமிர்த்தி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா எழுந்தார். அந்த வழியைத் தாண்டி நேராக வந்து என் முன்னால் நின்றார்.

"சாப்டீங்களா சம்மந்தி?"

என் கொழுந்தன் என் முழங்கையைக் கிள்ளினார். என்னை யார் கிள்ளி என்ன செய்வது?

"இல்ல சம்மந்தி. காலையில ஒரு டீதான்" என்றேன்.

பையைத் திறந்து எலுமிச்சம்பழ சாதம் கொடுத்தார். கேமராவும் உள்ளே இருந்தது. கோர்ட்டுக்குக் கேமரா எடுத்து வந்த ஒரே ஆள். அன்றைக்கு வக்கீல் வரவில்லை, வாய்தா போட்டார்கள். வெளியே வரும்போது என் காதருகே, "ஏரியில தண்ணி வந்துடுச்சாம். வர்றீங்களா?" என்றார்.

மகனிடம் ரேஷன் கடை என்று சொன்னேன். அவர் மகளைக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். தனித்தனியாகப் போய் ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கரையில் சேர்ந்தோம். "வூட்டுக்குத் தெரியாம ஓடிப்போறவங்க மாதிரி கீது சம்மந்தி" என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்குப் பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. கழுத்தை வளைத்து எங்களை ஒருமுறை பார்த்தது. அவருக்கு அது போதும்.

பிறகு அதுவே வழக்கமானது. வீட்டுக்கு வீடு போக்குவரத்து நின்றுபோயிருந்தது. போன் பேசினாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். நாங்கள் சந்திக்க ஒரே நாள், வாய்தா நாள். ஜட்ஜ் லீவு என்றால் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வோம். பிள்ளைகளின் வழக்கு இழுத்தால்தான் எங்களுக்கு ஏரி. இது பாவம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அடுத்த வாய்தா என்றைக்கு என்று காதைத் தீட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

கரையில் பிள்ளைகளைப் பற்றிப் பேச மாட்டோம். ஒரே ஒருதடவை, "எம் பொண்ணு மேலயும் தப்பு கீது" என்றார். "எம் புள்ள மேலயும்தான்" என்றேன். அதோடு சரி. மடையான் கொக்கு ஒன்று எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றது. அது திரும்பும் வரை ரெண்டு பேரும் காத்திருந்தோம்.

ஒரு வாய்தாவன்று ஆள்காட்டிக் குருவியை எடுக்கப் பார்த்தார். ஆள் வருகிறதைப் பார்த்தால் ஊருக்கே கேட்கும்படி கத்துகிற பறவை அது, பெயரே அதனால்தான். கத்திக்கொண்டே ஓடுகிறதே தவிர முகம் காட்டவில்லை. கால் வலிக்கிறதென்று நான் கரையில் உட்கார்ந்தேன். நெருஞ்சி முள். "ஐயோ" என்று எழுந்தவளுக்கு என்னை நினைத்தே சிரிப்பு வந்துவிட்டது. க்ளிக் என்றது. குருவியிடமிருந்து என் பக்கம் திரும்பியிருந்தது கேமரா.

"இத்தினி நாள்ல இப்பத்தான் மூஞ்சி காட்டினீங்க" என்றார்.

அந்தப் படத்தை அவர் தன் போனில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். சத்துணவுக் கூடத்துக் கூட்டாளிகள்தான் பார்ப்பார்கள் என்று எண்ணம். என் மகனின் நம்பர் இன்னும் 'மாப்பிள்ளை' என்று அதில் இருந்தது. கேஸ் நடக்கிறதே, இந்த நம்பரை அழித்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்த ஆள்காட்டி செய்யாத வேலையை ஸ்டேட்டஸ் செய்துவிட்டது.

மகன் ஷிஃப்ட் முடிந்து வந்து போனை என் முன்னால் நீட்டினான். "இன்னாம்மா இது? ரேஷன் கடையில ஏரி எங்க வந்துச்சி?"

பார்த்தேன். ஒரு கிழவி வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான்தான்.

"நான் கோர்ட்டுல நாயா நிக்கறேன். நீ அவங்களோட சிரிச்சிக்கினு கீற. எம் மேல உனக்கு அக்கற கீதா இல்லியா?"

நான் நிதானமாகத்தான் கேட்டேன். "டேய், அவங்க ஸ்டேட்டஸ் உனக்கு எப்டித் தெரியுது? உம் போன்லயும் அவங்க நம்பரு இருந்தாத்தான் தெரியும்னு ரூம் புள்ளைங்க சொல்லுதுங்களே."

போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். நான் எட்டிப் பார்த்தேன். மேலே இருந்தது சின்ன வார்த்தைதான். அதை எழுத்துக் கூட்ட எனக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. 'அத்தை.'

வக்கீல் விட்டுவிடுவாரா? "ஏம்மா, பொண்ணு வூட்டுக்காரங்க கொடுமன்னு நான் பெட்டிஷன்ல எழுதி வச்சிருக்கேன். நீங்க இன்னாடான்னா ஏரியில போஸ் குடுத்துக்கினு கீறீங்க!"

"போஸ் குடுக்கல சார். முள்ளு குத்துச்சு."

அதற்குப் பிறகு கேஸ் வேகம் பிடித்தது. பேசிப் பிரிந்துகொள்வது என்று ரெண்டு பக்கமும் சம்மதித்தார்கள். கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்தோம். என் மருமகள், மருமகளாக இருந்தவள், என்னைத் தாண்டிப் போகும்போது குனிந்துகொண்டு போனாள். சம்பந்தியம்மா வழக்கம்போல நேராக என்னிடம் வந்தார்.

"முடிஞ்சிதுங்க" என்றார். அதற்கு மேல் ஒரு சொல் வர வேண்டும், வரவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு நின்றார். பிறகு, "இனிமே உங்கள இன்னான்னு கூப்டறது?" என்றார்.

யாருக்கும் பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது. அன்றைக்கு அதில் ஒன்றுமில்லை. அக்கா என்பதா? யார் மூத்தவள் என்று இந்த வயதில் கணக்குப் பார்த்துக்கொண்டா? பேரைச் சொல்லலாமா? நினைத்தாலே வாய் கூசியது. அவரும் நான் ஏதாவது சொல்வேன் என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அண்ணன் கூப்பிட்டார். போய்விட்டார். ஏரிக்குக் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. எந்த முறையில் கூப்பிடுவது?

அதன் பிறகு எப்போதாவது போன் வரும். "ஏங்க, நான்தாங்க" என்பார். "சொல்லுங்க" என்பேன். எந்த ஏரியில் என்ன வந்திருக்கிறது என்று சொல்வார். கூப்பிடுகிற சொல் இல்லாத பேச்சு கைப்பிடி இல்லாத பாத்திரம் மாதிரி. ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருக்க முடியவில்லை. போன் குறைந்தது.

ஒரகடத்தில் ஒருநாள் அந்தப் பழைய கண்டக்டர் என்னைக் கண்டுபிடித்துச் சொன்னார். "உங்க சம்மந்தி இப்பல்லாம் எதுர் ரூட்லதான் போறாங்க. காஞ்சிபுரம். கிட்னி போச்சாம், ரத்தம் சுத்தம் பண்ணிக்கினு வராங்க. ஹோல்டானே சொல்றதில்ல."

கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியுமா? அவர் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளைத் தெரிந்துகொண்டு காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். மகளுக்கு லீவு கிடைக்காத நாள், தனியாகத்தான் வந்தார். பாதி உடம்பாகியிருந்தார். முகம் ஊதி, கையில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் ஏதோ கூப்பிட வாயெடுத்து, கூப்பிடாமல், என் கையைப் பிடித்துக்கொண்டார். சோற்றுப் பை தோளில் அப்படியே இருந்தது.

திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்தேன். வாலாஜாபாத் வருவதற்கு முன்னால் ஒரு ஸ்டாப்பில், வாய்க்கால் கட்டையில் ஒரு கரிச்சான். எங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. நேர்முகம். கேமராவை எடுத்தார். தூக்க முடியவில்லை.

"நீங்க எடுங்க" என்று என்னிடம் கொடுத்தார்.

"எனக்கு இன்னாங்க தெரியும்!"

"அமுக்குங்க. அவ்ளோதான்."

அமுக்கினேன். அதற்குள் பஸ் நகர்ந்து, குருவியும் திரும்பிவிட்டது. பார்த்தால் ஜன்னல் கம்பி பாதி. மீதியில் கறுப்பாகக் கலங்கிய ஒரு முதுகு, ரெட்டை வால்.

"முதுகுதான் வுழுந்துது. அழிச்சுடுங்க" என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது.

அவர் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கட்டும்ங்க. நீங்க எடுத்ததாச்சே" என்று துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை. மகன் வேலைக்குக் கிளம்பாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தான். "அம்மா… அத்தை போய்ட்டாங்களாம்" என்றான். ஷூவைக் கழற்றினான், மறுபடியும் மாட்டினான். "வா, பைக்ல இட்டுனு போறேன்."

பீரோவைத் திறந்து பிரிக்காத புடவை ஒன்றை எடுத்துக்கொண்டேன். எந்த முறையில் அவர் உடம்பு மேல் கோடி போடப்போகிறேன் என்று யோசிக்கவில்லை. வெறுங்கையோடு அந்த வீட்டுக்குப் போக எனக்குத் தெரியாது.

வாலாஜாபாத்தில் தெருமுனை டீக்கடை வரைக்கும்தான் மகன் வந்தான். "நான் வந்தா நல்லாருக்காது. நீ போ" என்றான். அவன் கண்ணைப் பார்க்க வேண்டாம் என்று நேராக நடந்தேன்.

வாசலில் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் மகள். யாரும் என்னை வா என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் பார்த்தார்கள். பெண்கள் நகர்ந்து இடம் விட்டது எனக்கு மரியாதைக்கா, என் மேல் படக் கூடாது என்பதற்கா, தெரியவில்லை. மேளம் நின்றது. கோடி கூவுகிற பெரியவர் முன்னால் வந்து, "பொறந்த வூட்டு கோடி!" என்று கூவினார். அண்ணன்மார்கள் போட்டார்கள். பங்காளிகள் மாலை போட்டார்கள்.

பழக்கத்தில் பெரியவர் அடுத்ததையும் கேட்டுவிட்டார். "சம்மந்தி வூட்டு கோடி?"

"அதான் தீத்துக்கினாங்களே. ஏது சம்மந்தி?" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

நான் புடவையோடு ரெண்டடி முன்னால் வந்துவிட்டிருந்தேன். பெரியவர் என்னைப் பார்த்தார். கெட்ட எண்ணமில்லாமல்தான் கேட்டார். "நீங்க யாருமா? இன்னா முறையில போடறீங்க?"

அன்றைக்குக் கோர்ட் வாசலில் அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லியிருந்தால் இப்போது ஒரு சொல் இருந்திருக்கும். இருக்கிற ஜனம் முழுவதும் என்னையே பார்க்கிறது. அழுகை வரவில்லை, அவமானமும் இல்லை. வாயில் சொல் இல்லை, அவ்வளவுதான். புடவையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்ளலாமா என்று கை யோசித்தது.

தலைமாட்டிலிருந்து அந்தப் பெண் நிமிர்ந்தாள். அழுது அழுது வீங்கிய முகம். கோர்ட் வராண்டாவில் ஒருநாளும் என்னைப் பார்க்காதவள் இப்போது நேராகப் பார்த்தாள்.

"அத்த, இப்டி வாங்க" என்றாள்.

வழி விட்டார்கள். நான் போய்ப் புடவையைப் பிரித்தேன். ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். கால்மாட்டிலிருந்து மேலே கொண்டுவந்து, மார்புவரை போர்த்தி நிறுத்தினோம். பெரியவர் ஒரு கணம் யாரையோ கேட்பதுபோலச் சுற்றிலும் பார்த்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருக்கோடி டீக்கடைவரை கேட்கும்படி கூவினார்.

"சம்மந்தி வூட்டு கோடி!"

ஊரறிய நான் மறுபடியும் சம்பந்தியானேன். என்னை அப்படிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.